குமிழி உருண்டை... உப்பு கனசதுரம்! ஏன் அப்படி?



மெல்லிய கம்பி ஒன்றை வளைத்துச் சதுரமாக ஒரு வளையம் செய்யுங்கள். அதைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, மெதுவாக ஊதுங்கள். சதுர வளையத்திலிருந்து சதுரக் குமிழி வருமா? வராது! வளையம் சதுரமாக இருந்தாலும் சரி, முக்கோணமாக இருந்தாலும் சரி, அதை விட்டுப் பிரிந்த குமிழி கொஞ்ச நேரம் நெளிந்து ஆடும். பிறகு உருண்டையாகி விடும்.

இப்போது சமையலறைக்குப் போங்கள். தூள் உப்பு ஒரு சிட்டிகை எடுத்துக் கறுப்புக் காகிதத்தின் மேல் தூவி, லென்ஸ் வழியாகப் பாருங்கள். சின்னஞ்சிறு பெட்டிகள் தெரியும். சில உடைந்திருக்கலாம். முழுதாக இருப்பவை எல்லாம் ஆறு முகம் கொண்ட கனசதுரங்கள். பக்கத்தில் கற்கண்டு இருந்தால் அதையும் பாருங்கள். அது கனசதுரம் அல்ல. ஆனால், பட்டை தீட்டியது போன்ற தட்டையான முகங்கள் அதற்கும் உண்டு.

குமிழியை யாரும் உருட்டிப் பிடிக்கவில்லை. உப்பை யாரும் உளியால் செதுக்கவில்லை. ஒன்று உருண்டை, இன்னொன்று பெட்டி. இரண்டுக்கும் வெவ்வேறு விதி இருக்கும் என்றுதானே நினைக்கத் தோன்றுகிறது? அதுதான் இல்லை! இரண்டுக்கும் ஒரே விதிதான். எப்படி என்று கணக்குப் போட்டே பார்த்து விடலாம், வாருங்கள்.

மேற்பரப்புக்கு ஒரு விலை

ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்துக் கொள்வோம். சொட்டின் நடுவில் இருக்கும் மூலக்கூறை, சுற்றி இருக்கும் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும். மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுக்கோ வெளிப்பக்கம் துணை கிடையாது. அதனால், மேற்பரப்பைப் பெரிதாக்க வேண்டுமானால் ஆற்றல் செலவு செய்ய வேண்டும். இதற்குத்தான் பரப்பு ஆற்றல் என்று பெயர்.

இதை ஒரு விலை என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் மேற்பரப்புக்கு ஒரு ரூபாய். இயற்கையோ மகா சிக்கனக்காரர்! உள்ளே இருக்கும் சரக்கு அப்படியே இருக்க வேண்டும். ஆனால், மேற்பரப்புக்கு ஆகும் செலவு குறைய வேண்டும். இதுதான் அவருடைய கொள்கை.

ஒரு லிட்டர், அதாவது 1000 கன செ.மீ. சரக்கை மூன்று வடிவங்களில் வைத்துப் பார்ப்போம்.

* 5 செ.மீ., 10 செ.மீ., 20 செ.மீ. அளவுள்ள பெட்டி: மேற்பரப்பு 700 சதுர செ.மீ. செலவு 700 ரூபாய்.
* 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம்: 600 சதுர செ.மீ. செலவு 600 ரூபாய்.
* சுமார் 6.2 செ.மீ. ஆரமுள்ள கோளம்: ஏறக்குறைய 484 சதுர செ.மீ. செலவு 484 ரூபாய்.

பார்த்தீர்களா? உருண்டையே மலிவு! தண்ணீருக்கும் சோப்புப் படலத்துக்கும் எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரே விலைதான். ஆகவே, பரப்பு குறைந்தால் செலவும் குறையும். குமிழி உருண்டையாவதன் ரகசியம் இதுதான்.

தட்டினால் நிற்குமா?

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். ஒரு வடிவம் அசையாமல் இருந்தாலே அது நிலைத்து நிற்கும் என்று சொல்லி விடலாமா?

ஒரு கிண்ணத்துக்குள் கோலிக்குண்டைப் போடுங்கள். அடியில் போய் நிற்கும். அதே கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் உச்சியில் கோலிக்குண்டைப் பொறுமையாக வையுங்கள். அதுவும் ஒரு நொடி நிற்கக் கூடும். இரண்டுமே சமநிலைதான். ஆனால், விரலால் லேசாகத் தட்டுங்கள். கிண்ணத்துக்குள் இருப்பது ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து சேரும். உச்சியில் இருப்பது உருண்டு ஓடிவிடும். முதலாவது உறுதிச் சமநிலை. இரண்டாவது உறுதியற்ற சமநிலை.

கோலிக்குண்டுக்கு வைத்த இந்தச் சோதனையை வடிவங்களுக்கும் வைக்கலாம். ஒரு வடிவத்தை, அதன் கன அளவு மாறாமல், கொஞ்சம் நெளித்துப் பார்க்க வேண்டும். எப்படி நெளித்தாலும் செலவு குறையவில்லை என்றால் அது உறுதியானது. ஏதாவது ஒரு நெளிப்பில் செலவு குறைந்தாலும் போதும், அந்த வடிவம் நிற்காது; அந்த வழியாகவே சரிந்து விடும்.

பார்வை இழந்தும் ஆராய்ந்தவர்

திரவங்களுக்கு இந்தச் சோதனையை வைத்துப் பார்த்தவர் ஜோசப் பிளாட்டோ. கிரேக்க அறிஞர் பிளேட்டோ அல்ல. இவர் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்தவர். 1801-ஆம் ஆண்டு பிறந்தவர். கெண்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். சுழலும் அட்டையில் வரைந்த படங்கள் அசைவது போலக் காட்டும் கருவியை 1832-ஆம் ஆண்டிலேயே செய்தவர் இவர். சினிமாவுக்கு அது ஒரு முன்னோடி.

சாதாரணமாக, ஒரு பெரிய எண்ணெய்த் துளி தன் எடையாலேயே தட்டையாகி விடும். பிளாட்டோ ஒரு தந்திரம் செய்தார். தண்ணீரையும் ஆல்கஹாலையும் கலந்து, அந்தக் கலவையின் அடர்த்தியை ஆலிவ் எண்ணெயின் அடர்த்திக்குச் சமமாக்கினார். அதற்குள் எண்ணெயை விட்டதும், அது மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. நடுவிலேயே அழகான உருண்டையாக மிதந்தது!

அடுத்து, இரண்டு கம்பி வளையங்களுக்கு நடுவே எண்ணெயைத் தூண் போல நிறுத்தினார். குட்டையான தூண் ஆடாமல் நின்றது. வளையங்களை விலக்கித் தூணை நீளமாக்கிக் கொண்டே போனார். அதன் நீளம் விட்டத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டிச் சற்று மேலே போனதும், இடுப்புப் பக்கம் சிறுத்து அறுந்து விட்டது!

அந்த எல்லை எது தெரியுமா? நீங்கள் வட்டத்தின் சுற்றளவு காணப் பயன்படுத்தும் அதே 'பை', அதாவது 3.14... மடங்கு! ஒரு திரவத் தூண் தன் சுற்றளவை விட நீளமாகி விட்டால் நிற்காது.

இதை உங்கள் வீட்டுக் குழாயிலேயே பார்க்கலாம். குழாயை மிகக் கொஞ்சமாகத் திறந்தால், மேலே நூல் போல இறங்கும் தண்ணீர், கீழே வர வரச் சொட்டுச் சொட்டாக உடைகிறது அல்லவா? 2 மி.மீ. விட்டமும் 9 மி.மீ. நீளமும் உள்ள ஒரு துண்டுத் தண்ணீர்த் தூணை எடுத்துக் கொண்டால், அதன் பக்கப் பரப்பு சுமார் 56.5 சதுர மி.மீ. அதே தண்ணீர் ஒரு சொட்டாக உருண்டால் சுமார் 45 சதுர மி.மீ. போதும். செலவு குறைய வழி இருக்கும்போது தண்ணீர் சும்மா இருக்குமா?

1843-ஆம் ஆண்டு வாக்கில் பிளாட்டோவின் இரு கண்களும் பார்வை இழந்தன. அதன் பிறகும் 40 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆராய்ச்சியை நிறுத்தவே இல்லை. என்ன செய்ய வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று அவர் சொல்வார். குடும்பத்தினரும் உடன் பணியாற்றியவர்களும் செய்து பார்த்து, கண்டதை அவரிடம் சொல்வார்கள். இப்படித்தான், தாம் கண்ணால் பார்க்க முடியாத சோப்புப் படலங்களைப் பற்றி அவர் விதிகளைக் கண்டுபிடித்தார். 1873-ஆம் ஆண்டு அவற்றை எல்லாம் பெரிய நூலாக வெளியிட்டார்.

எல்லா வடிவங்களையும் சோதிக்க முடியுமா?

'உருண்டைதான் நிற்கும்' என்பதைக் கண்ணால் பார்த்து விட்டோம். ஆனால், கணித அறிஞர்களுக்கு அது போதாது. வடிவங்கள் எண்ணில் அடங்காதவை. நாம் நினைத்தே பார்க்காத ஏதோ ஒரு விசித்திர வடிவமும் உறுதியாக நின்று விட்டால்? எல்லாவற்றையும் செய்து பார்க்க முடியாது. அதனால், நிரூபணம் வேண்டும்.

முதலில், சமநிலை என்றால் என்ன என்று பார்ப்போம். குமிழிக்குள் அடைபட்ட காற்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தள்ளுகிறது. அதைத் தாங்க, படலமும் எல்லா இடத்திலும் ஒரே அளவு வளைந்திருக்க வேண்டும். ஒரு புள்ளியில் நீளவாக்கில் எவ்வளவு வளைவு, குறுக்குவாக்கில் எவ்வளவு வளைவு என்று பார்த்து, சராசரி எடுப்பார்கள். அந்தச் சராசரி எங்கும் ஒன்றாக இருந்தால் அது சமநிலை.

1950-களில் அலெக்சாண்டிரோவ் என்ற ரஷ்ய அறிஞர் ஒன்றை நிரூபித்தார். தன்னைத் தானே வெட்டிக் கொள்ளாத, முழுவதும் மூடிய பரப்புகளில், இப்படி எங்கும் ஒரே வளைவு உள்ளது உருண்டை மட்டும்தான்! சரி, தன்னைத் தானே ஊடுருவிச் செல்லும் பரப்புகள்? அவற்றிலும் உருண்டையைத் தவிர வேறு இருக்காது என்றே பலர் நம்பினார்கள்.

1986-ஆம் ஆண்டு ஹென்றி வென்டே என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அந்த நம்பிக்கையை உடைத்தார். உளுந்து வடை போல ஒரு துளை உள்ள, ஆனால் தன்னைத் தானே ஊடுருவிச் செல்லும் ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தார். அதன் சராசரி வளைவு எங்கும் ஒன்றே! சமநிலையில் இருக்கிறது, ஆனால் உருண்டை அல்ல.

அப்படியானால் உருண்டையின் பெருமை போய் விட்டதா? இல்லை! அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1984-ல், பிரேசில் நாட்டின் பர்போசா, டோ கார்மோ என்ற இருவர் தட்டிப் பார்க்கும் சோதனையைக் கணித முறையில் வைத்திருந்தார்கள். தன்னை வெட்டிக் கொள்ளும் பரப்புகளையும் சேர்த்துக் கொண்டாலும், மூடிய பரப்புகளில் உறுதிச் சமநிலை உள்ளது உருண்டை ஒன்றுதான் என்று அவர்கள் நிரூபித்தார்கள். ஆகவே, வென்டேயின் 'வடை' கவிழ்த்த கிண்ணத்தின் உச்சியில் இருக்கும் கோலிக்குண்டு போன்றது. லேசாக நெளித்தால் சரிந்து விடும்.

இந்த நிரூபணம் நம் உலகத்துக்கு மட்டும் உரியதல்ல. தாளில் வரைந்த உருவத்துக்கு எல்லை ஒரு கோடு. நீளம், அகலம், உயரம் உள்ள பொருளுக்கு எல்லை ஒரு பரப்பு. நான்கு, ஐந்து என்று இன்னும் அதிகப் பரிமாணங்களைக் கணிதத்தில் கற்பனை செய்யலாம். அங்கே எல்லையாக இருப்பதை மீப்பரப்பு என்று சொல்லலாம். அங்கேயும் உருண்டைதான் ஜெயிக்கிறது!

உப்பின் கணக்கு வேறு

இனி உப்புக்கு வருவோம். தண்ணீருக்குள் மூலக்கூறுகள் தாறுமாறாக அலைகின்றன. உப்புப் படிகத்துக்குள் அப்படி இல்லை. செங்கல் அடுக்கியது போல, அயனிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இதனால்தான் கணக்கு மாறுகிறது.

ஒரு படிக்கட்டை நினைத்துக் கொள்ளுங்கள். கிடையாக 3 மீட்டர், உயரம் 4 மீட்டர். சரிவான பலகை போட்டால் அதன் நீளம் 5 மீட்டர். ஆனால், படிகளின் மேல் ஒட்டினாற்போல ஒரு விரிப்பைப் போட்டால் எவ்வளவு வேண்டும்? கிடைப் பகுதிகள் எல்லாம் சேர்ந்து 3, செங்குத்துப் பகுதிகள் எல்லாம் சேர்ந்து 4. ஆக மொத்தம் 7 மீட்டர்! பத்துப் பெரிய படிகளாக இருந்தாலும், ஆயிரம் சின்னப் படிகளாக இருந்தாலும் அதே 7 மீட்டர்தான்.

செங்கல் அடுக்கில் சரிவான முகம் என்று எதுவும் கிடையாது. சரிவாகத் தெரிவதெல்லாம் நுண்ணிய படிக்கட்டுகளே. ஆகவே, அங்கே சரிவான முகத்துக்கு விலை அதிகம்; நேரான முகத்துக்கு விலை குறைவு. அதாவது, மேற்பரப்பின் விலை திசைக்குத் திசை மாறுகிறது.

இப்போது மறுபடியும் அந்த 1000 கன செ.மீ. சரக்கை எடுங்கள். மிகச் சிறிய கற்களை அடுக்கி உருண்டை செய்யுங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியும் கற்களின் மேல் முகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வட்டம். அதன் பரப்பு சுமார் 120.9 சதுர செ.மீ. கீழிருந்து, முன்னிருந்து, பின்னிருந்து, இடமிருந்து, வலமிருந்து பார்த்தாலும் இதே அளவுதான். ஆறு பக்கமும் சேர்த்தால் சுமார் 725 சதுர செ.மீ. செலவு 725 ரூபாய்!

அதே கற்களைக் கனசதுரமாக அடுக்கினால்? படியே இல்லை. வெறும் 600 ரூபாய்தான்.

சோப்புக் குமிழியின் சந்தையில் உருண்டை மலிவு, கனசதுரம் விலை அதிகம். உப்பின் சந்தையில் கனசதுரம் மலிவு, உருண்டை விலை அதிகம். சிக்கன விதி மாறவில்லை; விலைப்பட்டியல்தான் மாறியது!

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தூத்துக்குடி உப்பளத்தில் விளையும் பெரிய உப்புக் கற்களின் வடிவத்தை, எந்த முகம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்யும். சிக்கன விதியின் ஆட்சி நன்றாகத் தெரிவது, கண்ணுக்கே தெரியாத மிகச் சிறிய படிகங்களில்தான்.

அம்பு போட்டு வடிவம் காண்போம்

எல்லாப் பொருளும் உப்பைப் போல எளிதாக இருக்காது. விலைப்பட்டியல் தெரிந்தால், வடிவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 1901-ஆம் ஆண்டு கியார்கி உல்ஃப் என்ற ரஷ்யப் படிகவியல் அறிஞர் ஒரு வழி சொன்னார்.

ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளிலும் அம்புகள் போட வேண்டும். ஒரு திசையில் விலை எவ்வளவோ, அந்த அம்பின் நீளம் அவ்வளவு. ஒவ்வோர் அம்பின் முனையிலும், அதற்குச் செங்குத்தாக ஒரு பலகையை நிறுத்த வேண்டும். எல்லாப் பலகைகளுக்கும் உட்பக்கத்தில் மிஞ்சும் இடம்தான் சிக்கனமான வடிவம்! இதற்கு உல்ஃப் வடிவம் என்று பெயர். எல்லா அம்புகளும் ஒரே நீளமானால் உருண்டை கிடைக்கும். மேல், கீழ், இடம், வலம், முன், பின் ஆகிய ஆறு அம்புகள் குட்டையாகவும், மற்றவை போதிய அளவு நீளமாகவும் இருந்தால் கனசதுரம் கிடைக்கும்.

இந்த வழி சரிதான் என்று 1970-களில் மிகப் பொதுவான முறையில் நிரூபித்தவர் ஜீன் டெய்லர் என்ற அமெரிக்கப் பெண்மணி. வேதியியல் படிக்கப் போய், கணிதத்துக்கு மாறியவர் அவர்! பிளாட்டோ கண்ட சோப்புப் படல விதிகளைக் கணித முறைப்படி 1976-ல் நிரூபித்தவரும் இவர்தான்.

தட்டிப் பார்க்கும் சோதனை? அதை 1998-ஆம் ஆண்டு பென்னட் பால்மர் என்ற கணித அறிஞர் வைத்தார். விலை திசைக்குத் திசை சீராக, வழவழப்பாக மாறும்போது, மூடிய பரப்புகளில் உறுதிச் சமநிலை உள்ளது உல்ஃப் வடிவம் மட்டுமே என்று அவர் நிரூபித்தார். பிரேசில் அறிஞர்கள் உருண்டைக்குச் சொன்னதை, இவர் படிகங்களின் உலகத்துக்குக் கொண்டு வந்து விட்டார். கூர்மையான விளிம்புகளும் மூலைகளும் வரும்போது கணக்கு இன்னும் சிக்கலாகும். ஜப்பானின் மியூகி கொய்சோ போன்ற அறிஞர்கள் அதை ஆராய்ந்து வருகிறார்கள்.

இதனால் என்ன பயன்?

கார்களின் புகைக்குழாயில் பிளாட்டினம் போன்ற உலோகங்களின் மிக நுண்ணிய துகள்கள் இருக்கின்றன. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை, கார்பன் டை ஆக்சைடாக மாற்ற அவை உதவுகின்றன. இந்த வேலை நடப்பது துகளின் மேற்பரப்பில்தான். எந்த முகம் வெளியே தெரிகிறது என்பதைப் பொறுத்து வேலையின் வேகம் மாறும். அந்த முகங்களைக் கணிக்க விஞ்ஞானிகள் உல்ஃபின் அம்புகளைத்தான் நாடுகிறார்கள். தண்ணீர்த் தூண் சொட்டாக உடையும் விதியோ, மையைத் துளித் துளியாகத் தெளிக்கும் ஒரு வகை அச்சு இயந்திரங்களில் பயன்படுகிறது.

செய்து பாருங்கள்

கட்டம் போட்ட தாளின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். மேல், கீழ், இடம், வலம் என நான்கு அம்புகளை 4 செ.மீ. நீளத்துக்கு வரையுங்கள். அவற்றுக்கு நடுவே, சாய்வான நான்கு திசைகளில் 5 செ.மீ. அம்புகளை வரையுங்கள். ஒவ்வோர் அம்பின் முனையிலும் செங்குத்தாக ஒரு நீளமான கோடு போடுங்கள். எட்டுக் கோடுகளுக்கும் உள்ளே மிஞ்சும் பகுதிக்கு வண்ணம் தீட்டுங்கள். எட்டு மூலை கொண்ட வடிவம் கிடைக்கும்.

இப்போது சாய்வான அம்புகளை மட்டும் 6 செ.மீ. ஆக்கி, இன்னொரு தாளில் வரையுங்கள். அட, வெறும் சதுரம்! சாய்வுக் கோடுகள் சதுரத்தைத் தொடவே இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி: சாய்வான அம்பின் நீளம் எவ்வளவைத் தாண்டினால், சதுரத்தின் மூலை வெட்டுப்படாமல் தப்பிக்கும்? அளந்தும் சொல்லலாம், பிதாகரஸ் தேற்றம் தெரிந்த அண்ணன்மாரும் அக்காமாரும் கணக்குப் போட்டும் சொல்லலாம்.

(விடை: சுமார் 5.66 செ.மீ.)